பச்சை மஞ்சள் வயர்

பிள்ளைகளா, நம் வீட்டுப் பாட்டு செட் ஏன் எப்போதும் ‘உம்ம்’ என்று உறுமுகிறது என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். கூட்டாளி வீட்டுப் பழைய ரேடியோகூட இப்படிச் சத்தம் போடுவதில்லை என்று சின்னவன் கேலி செய்திருக்கிறான். பெரியவள் ஒரு தடவை, “உங்களுக்குச் சரி பண்ணத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்களேன்பா” என்றே சொல்லிவிட்டாள். சரி பண்ணத் தெரியும். சின்ன வேலைதான். ஒரு வயரை வெட்டினால் போதும், சத்தம் நின்றுவிடும். அதைத்தான் நான் செய்ய மாட்டேன்.

அந்த வயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று கால் பிளக்கைத் திறந்தால் உள்ளே மூன்று வயர் இருக்கும். ஒன்று பழுப்பு, ஒன்று நீலம், இன்னொன்று பச்சையும் மஞ்சளும் கோடு போட்டது. முதல் இரண்டும் வேலை செய்பவை. மூன்றாவது சும்மா இருப்பது. பெட்டிக்குள் இருக்கிற கரண்டு வழி தவறி வெளித் தகரத்துக்கு வந்துவிட்டால், அதைக் கொண்டுபோய் மண்ணில் விடுவதற்காகவே அது அங்கே காத்திருக்கிறது. அந்த வயர் இல்லாவிட்டால், தகரத்தைத் தொடுகிற ஆள்தான் அந்த வயர். ஒரு காலத்தில் கிள்ளானில் ஒரு வீட்டிலும் பிரிக்பீல்ட்ஸில் நம் வீட்டிலும் அது வெட்டிக் கிடந்தது. வெட்டியவர் ஒருவருக்குத்தான் அது தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் நடந்தது. நான் ரயில்வே ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை பாசார் ரோட்டுக் கடைகளில் ரெக்கார்டு பிளேயருக்கு ஊசி தேடிப் போனேன். கடைக்காரரிடம் இருந்தது ஒரே ஊசி. அதற்காக என் பக்கத்தில் இன்னொருவரும் நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம், சட்டைப் பையில் கரண்டு பார்க்கிற டெஸ்ட் பேனா.

“நீ எடுத்துக்க தம்பி. எங்கிட்ட ஒண்ணு ஓடுது. ஆனா ஒரு நாளைக்கு கிள்ளானுக்கு வந்து நம்ம செட்ட கேட்டுட்டுப் போ. கேட்டா இந்த ஊசிய நீயே கொண்டாந்து திருப்பிக் குடுத்துருவ லா!”

கிள்ளானில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தவர். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன், அவர் மனைவி எனக்கு அண்ணி. உங்களுக்குப் பெரியப்பா, பெரியம்மா.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருந்த நல்ல அறையை செட்டுக்கு விட்டிருந்தார். அலமாரி உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். நடுவே நான்கு கறுப்புப் பெட்டிகள். அதில் கீழே இருந்த பெரிய பெட்டிதான் ஆம்ப்ளிஃபையர். இரண்டு ஆள் தூக்க வேண்டிய கனம் என்பதால் அதன் முகப்பில் பிடித்துத் தூக்க இரண்டு இரும்புக் கைப்பிடிகள் இருந்தன. அவற்றைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். எதிரே ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் பாடுகிறவர் சரியாக நடுவில் நிற்பார் என்பார் அண்ணன். நாங்கள் இருவரும் மாறி மாறி உட்காருவோம்.

பிளேயர் ஆடாமல் இருக்க அதன் கீழே கனமான கல் வேண்டும் என்று, கல்லறைக் கல் செதுக்கும் சீனரிடம் போய், ஓரம் உடைந்ததால் பெயர் வெட்டாமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு கல்லை வாங்கி வந்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“பேரு எழுதாத கல்லு தம்பி. யாருக்குன்னு தெரியல, எங்க வீட்டுல வந்து உக்காந்திருக்கு.”

“பளிங்குக் கல்லு லா அது. நீ ஒருத்தி,” என்பார் அண்ணன்.

அண்ணிக்குக் குறைகள் நிறைய இருந்தன. பாட்டுக் கேட்கும்போது ஃபேன் போடக் கூடாது, அதன் சத்தம் கலக்குமாம். கிள்ளான் வெக்கையில் நாங்கள் இருவரும் பனியன் நனைய உட்கார்ந்திருப்போம். ஃபிரிஜ்ஜையும் அணைத்துவிடுவார். ஒரு ஞாயிறு அதைத் திரும்பப் போட மறந்து, வாங்கி வைத்த மீன் அத்தனையும் போய்விட்டது. “ஃபிரிஜ்ஜ அணைப்பாரு, ஃபேன அணைப்பாரு, என்னையும் ‘பேசாத’ன்னு அணைப்பாரு. அத மட்டும் அணைக்க மாட்டாரு,” என்று பெரிய பெட்டியைக் காட்டுவார்.

அது உண்மை. ஆம்ப்ளிஃபையர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டி சூடாக இருந்தால்தான் சங்கீதம் குழையும், அணைத்துப் போட்டால் விறைத்துப்போகும் என்பது எங்களைப் போன்றவர்களின் நம்பிக்கை. யாரும் இல்லாத அறையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

ஆனால் அந்த செட்டின் சுகத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதினவன் ஆவேன். முதல் நாள் அண்ணன் ஒரு வீணை ரெக்கார்டு வைத்தார். ஊசி இறங்குவதற்கு முன் ஸ்பீக்கரில் என் காதை ஒட்டிவைக்கச் சொன்னார். ஒன்றுமே கேட்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது. பிறகு அந்த இருட்டிலிருந்து ஒரு தந்தி எழுந்தது. விரல் தந்தியின் மேல் வழுக்கும் சத்தம் கேட்டது. வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. ஸ்டோரில் நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் நின்ற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மாதிரி நிசப்தம் நான் எந்த வீட்டு செட்டிலும் கேட்டதில்லை. எல்லார் செட்டிலும் கொஞ்சமாவது உறுமல் இருக்கும்.

“எப்படிண்ணே?” என்று கேட்டேன்.

“தொழில் ரகசியம்.”

அந்தப் பெட்டியின் முகப்பில் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. கையை எடுத்தேன், நின்றது. வைத்தேன், மறுபடியும் ஊர்ந்தது.

“என்னமோ விறுவிறுங்குதுண்ணே.”

“உயிரோட இருக்குது தம்பி அது,” என்று சிரித்தார்.

தேத்தண்ணி கொண்டுவந்த அண்ணி அப்போதுதான் சொன்னார். “போன ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கிறப்ப நறுக்குன்னு கடிச்சிச்சி தம்பி. இவருகிட்ட சொன்னா, சாமி எறங்கியிருக்குன்னு கிண்டல் பண்றாரு.”

“நீ வெச்ச பொட்டு அதுக்குப் புடிக்கல. கொஞ்சம் அன்பா வைக்கணும்.”

மூன்று பேரும் சிரித்தோம்.

அடுத்த வருடம், ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை அண்ணனே எனக்கு முடித்துக் கொடுத்தார். அதைத்தான் நம் ரயில்வே குவாட்டர்ஸ் முன்னறையில் வைத்தோம். சரக்கு ரயில் போகும்போது ஊசி துள்ளும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் உறுமலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கிள்ளானில் அந்த நிசப்தத்தைக் கேட்டுவிட்டு வந்தவனுக்கு வீட்டில் இந்தச் சத்தம் காதுக்குள் ஈ புகுந்த மாதிரி இருந்தது. அண்ணனிடம் அழுது புலம்பினேன்.

ஒரு ஞாயிறு வந்தார். “போயி சூடா வடை வாங்கிட்டு வா. வர்றதுக்குள்ள ஈயைப் புடிச்சிர்றேன்,” என்றார். நான் முச்சந்திக் கடைக்குப் போய்த் திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் காதை வைத்தேன். கிணறு.

“என்னாண்ணே செஞ்சீங்க?”

“வடையக் குடு மொதல்ல. இனிமே இத அணைக்காத, தெரியுதா? ஓடட்டும்.”

அதன்பிறகு நான் வேலை விட்டு வந்ததும் முதலில் உட்காருவது அங்கேதான். பெரியவளே, உனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். என் மடியில் இருந்து இறங்கிப் போய்ப் பெட்டியைத் தொட்டுத் தொட்டு, “அப்பா, பொட்டி கிச்சுக்கிச்சு மூட்டுதுப்பா,” என்பாய். உன் தம்பியையும் இழுத்துக்கொண்டுபோய் அவன் விரலை அதில் வைப்பாய். அவன் கெக்கெக்கே என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த வருடம் ஆயுத பூசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நம் வீட்டில் அம்மா சாயங்காலம் படைப்பதாக இருந்தாள். காலையில் அண்ணன் கடைப் பூசைக்கு நான் மட்டும் கிள்ளானுக்குப் போனேன். விடியலிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது. கடையில் தராசு, இரும்பு வெட்டும் மெஷின், வேன், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வேன் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் நசுக்கி, வேலைக்காரர்களுக்குப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, நீ முன்னால வீட்டுக்குப் போ. அண்ணிய எல்லாம் எடுத்து வெக்கச் சொல்லு, பத்து நிமிசத்துல வந்துர்றேன்,” என்றார் அண்ணன்.

வீடு கடைக்குப் பின் வரிசையில்தான். வாசல் திறந்திருந்தது. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வைத்த கால் சில்லென்றது. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள், தரை இன்னும் காயவில்லை. “அண்ணி, பசியாறிட்டீங்களா?” என்றேன். பதில் இல்லை. ஃபேன் ஓடவில்லை, வானொலியும் இல்லை. ஒரே ஒரு சத்தம் மட்டும் செட் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கண்ணாடி வளையல் இரும்பில் படுகிற சத்தம். மெல்லிசாக, விடாமல், நடுங்கிக்கொண்டு.

எட்டிப் பார்த்தேன். அண்ணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெரிய பெட்டியின் முன்னால் குனிந்து நின்றார். இடது கை பெட்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தது. வலது கையில் ஈரத்துணி. சந்தனக் கிண்ணம் அந்தக் கல்லின் மேல் இருந்தது. சாமி கும்பிடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது, கை அசையவில்லை. வளையல் மட்டும்தான் அசைந்தது.

ரயில்வேயில் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: ஆளைத் தொடாதே, கரண்டை நிறுத்து. இல்லாவிட்டால் ஓடிப்போய் அவரைத் தூக்கியிருப்பேன், ஈரத் தரையில் வெறுங்காலோடு நானும் அங்கேயே ஒட்டியிருப்பேன். திரும்பி வாசலுக்கு ஓடி மெயின் சுவிட்சை இழுத்துவிட்டேன். உள்ளே தொப்பென்று சத்தம் கேட்டது.

அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுக் கத்தினேன். மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்கார அம்மா ஒருவர் ஓடிவந்தார். அவருக்குப் பின்னாலேயே அண்ணன் கையில் பொரித் தட்டோடு வந்தார். அறை வாசலில் அவர் முதலில் பார்த்தது எங்களை அல்ல. அணைந்து கிடந்த சிவப்பு விளக்கை.

“யாரு செட்ட அணைச்சது?” என்றார்.

அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தார். தட்டு கையிலிருந்து விழுந்து பொரி அறை முழுக்கச் சிதறியது. பூசை போட்ட அதே வேனில்தான் அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண்ணாடியில் வைத்த சந்தனம் மழையில் கரைந்து கோடு கோடாக இறங்கியது.

அண்ணி உயிரோடுதான் இருந்தார். உள்ளங்கை வெந்து போயிருந்தது. நெஞ்சுத் துடிப்பு சரியில்லை, வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எர்த்து தம்பி,” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“எர்த்து வயரு. ஒவ்வொரு பொட்டிக்கும் ஒண்ணு. அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துதான் அந்த உறுமல். வெட்டிட்டா அமைதியாயிரும். அத்தன பிளக்குலயும் வெட்டிட்டேன். எல்லாரும் வெட்டுறதுதான் லா. ஒண்ணும் ஆவாதுன்னு… பழைய பொட்டி, உள்ளுக்குள்ள எங்கயோ ஈரம் கண்டிருக்கு.”

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“உன்னுதும்தான்.”

“என்னாண்ணே?”

“ஒன் செட்டு. நீ வடை வாங்கப் போனப்ப.”

பிள்ளைகளா, அந்த பெஞ்சிலிருந்து நான் எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. நம் வீட்டில் போன் இல்லை. அடுத்த வீட்டு ஆன்டி வீட்டுக்கு ஆஸ்பத்திரி போனிலிருந்து அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அம்மா இந்நேரம் வீட்டைக் கழுவிவிட்டிருப்பாள். தையல் மெஷினைத் துடைப்பாள். அப்புறம் செட்டைத் துடைப்பாள். கிச்சுக்கிச்சு மூட்டுகிற பெட்டிக்குப் பொட்டு வைக்க யார் முந்திக்கொண்டு நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டேஷனில் டாக்சி எடுத்தேன். மற்ற ஆட்கள் ஏறும்வரை நிற்க வேண்டாம் என்று கெஞ்சினேன். டிரைவர் மலாய்க்காரர், நிதானமான மனிதர். “செப்பாட் சிக்கிட், பாங்,” என்று நான் அவசரப்படுத்தியபோதெல்லாம், மழையைக் காட்டித் தலையை ஆட்டினார். ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் தேங்கி நின்றன. முன்னால் ஒரு லோரி, முகப்பில் வாழைக்கன்று கட்டி, நெற்றியில் பட்டையாகச் சந்தனம். பக்கத்தில் ஒரு தொழிற்சாலை பஸ், அதற்கும் குங்குமம். அன்றைக்கு இந்த வட்டாரத்தில் எல்லா இயந்திரத்தையும் யாரோ ஒருவர் ஈரக் கையால் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. கண்ணை மூடினால் வளையல் சத்தம் கேட்டது.

குவாட்டர்ஸ் வாசலில் இறங்கி ஓடினேன். கதவு திறந்திருந்தது. தரை ஈரமாக இருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

பெரியவளே, நீ செட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாய். பட்டுப் பாவாடை, கையில் குங்குமச் சிமிழ். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாய்.

“அப்பா, எல்லாத்துக்கும் நான்தான் வெச்சேன். அம்மா தொடச்சாங்க, நான் வெச்சேன்.”

ஆம்ப்ளிஃபையரின் முகப்பில், உன் கை எட்டுகிற உயரத்தில், கோணல்மாணலாக மூன்று சந்தனப் பொட்டுகள். நடுவில் குங்குமம். காய்ந்தே போயிருந்தன. அவற்றின் மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“ரொம்பக் கூசுச்சுப்பா இன்னைக்கு,” என்றாய்.

நான் சுவருக்குப் போய் சுவிட்சை அணைத்தேன். அடுப்படியிலிருந்து வந்த அம்மா, “ஏங்க இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க? அத ஏன் அணைக்கிறீங்க, ஒங்க அண்ணன் அணைக்கக் கூடாதுன்னாரே!” என்றாள். அண்ணி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். உன்னைத் தூக்கிக்கொண்டேன். பாவாடை கசங்குகிறது என்று என்னைத் திட்டினாய்.

அண்ணி சில நாள் கழித்து வீடு திரும்பினார். இடது கை விரல்கள் மட்டும் முழுக்க மடங்கவில்லை, கிளாஸ் பிடிக்க வராது. தீபாவளிக்கு நாம் எல்லாரும் போனோமே, அப்போது செட் அறை பூட்டியிருந்தது. அண்ணன் நமக்குச் சோடா ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணி மடியில் அந்தக் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

“ஒங்க அண்ணன் இப்பல்லாம் ஃபேன் போட விடுறாரு தம்பி,” என்றார்.

அண்ணன் ஊற்றிக்கொண்டே இருந்தார். சோடா பொங்கி மேசையில் வழிந்தது.

பூசையன்று நம் வீட்டில் நடந்த மிச்சத்தை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது, பார்த்தவர் கிடையாது. சாயங்காலம் படைத்து முடித்து, மழை விட்டதும் அம்மா உங்கள் இருவரையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் அலுப்பாக இருக்கிறது என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டேன். தெரு முனை தாண்டி உங்கள் குரல் மறைந்ததும் பிளக்கைப் பிடுங்கித் தரையில் உட்கார்ந்து திறந்தேன். பச்சை மஞ்சள் வயர் வெட்டப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, அழகாக மடித்து ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அண்ணன் எந்த வேலையையும் சுத்தமாகச் செய்கிறவர்.

காய் நறுக்கும் கத்தியால் அதன் தோலைச் சீவி, செம்பை முறுக்கி, அதற்குரிய இடத்தில் மாட்டித் திருகாணியை முடிந்த மட்டும் இறுக்கினேன். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன்.

‘உம்ம்’ என்று வந்தது.

புறங்கையை மெல்ல உன் பொட்டுகளுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். எறும்பு ஊரவில்லை. வெறும் தகரம், கொஞ்சம் சூடு. ரெக்கார்டு எதுவும் வைக்கவில்லை. படையல் தட்டிலிருந்து ஒரு பிடி பொரியை அள்ளிக்கொண்டு ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து, வாசலில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அந்த உறுமலையே கேட்டுக்கொண்டிருந்தேன்.